சட்டைப்பையிலே ஒரு கந்தோர்

“எல்லாரிடமும் இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது, பிறகென்ன யோசனை?”

பல இடங்களிலே பிரிந்திருந்து ஒரே தொழிலைச் செய்வோர் தமக்குள் உரையாடுவதற்கு எந்தக் கருவியைக் கைக்கொள்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்த ஒரே விடைதான் கிடைக்கிறது. அதிபரின் அறையிலும் இதுவே விடை. கம்பனி முகாமையாளரின் மேசையிலும் இதுவே விடை. வருந்தத்தக்க செய்தி யாதெனில், நமது தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இதுவே விடையாக இருக்கிறது. சற்றே நுணுகி ஆராய்வோர் இருப்பின், வட்ஸ்அப், டெலிகிராம், ஸ்லாக், டீம்ஸ் என்று அட்டவணை போட்டு, எதிலே எத்தனை பேரைச் சேர்க்கலாம், எவ்வளவு பெரிய கோப்பை அனுப்பலாம் என்று ஒப்பிடுவர். மாட்டின் பல்லை எண்ணுகிறார்களேயன்றி, அந்த மாடு எவன் தொழுவத்திலே கட்டப்படப் போகிறது என்று கேட்பாரில்லை.

இது வசதி பற்றிய கேள்வியே அன்று. வேலை நேரம் எங்கே முடிகிறது, வேலைக்குரிய செலவை யார் ஏற்பது, இட்ட கட்டளைக்கு எழுத்தாதாரம் எங்கே இருக்கிறது என்பன பற்றிய கேள்வி. இவை தொழில் நிபந்தனைகள். தொழில் நிபந்தனைகளை ஒருதலைப்பட்சமாக நிர்ணயிக்கும் உரிமை எந்த முதலாளிக்கும், எந்த அமைச்சுக்கும் கிடையாது என்று நாம் பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறோம். ஆனால் ஒரு பச்சைநிறச் சதுரம் திரையிலே தோன்றியவுடன் அதை மறந்துவிட்டோம்.

கொழும்பின் வடபகுதியிலே, துறைமுகத்துக்கு அண்மையிலே கிடக்கும் ஜிந்துப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் செட்டியார் தெருவின் நகைக்கடைகள். இன்னொரு பக்கம் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். நடுவே முருகன் கோவிலும், ஒடுங்கிய ஒழுங்கைகளும், ஒன்றின் தோளிலே ஒன்று சாய்ந்த வீடுகளும். தொழிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்திலே குடியிருக்க வேண்டியவர்களின் ஊர் இது: துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டை நாட்டாமிமார், கடைச் சிப்பந்திகள், கணக்கெழுதுவோர். அக்காலத்து வேலைத்தலத்துக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிலைக் கடந்து வெளியே வந்தவன் தன் வீட்டுக்குப் போனான். 1927 இலே கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வேலைத்தலம் எது, அதன் வாயில் எங்கே என்பதிலே எவருக்கும் ஐயமிருந்திருக்க முடியாது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. எவரும் இரங்கிக் கொடுத்த பிச்சையன்று அது.

அந்த ஒழுங்கைகளிலே இன்று வாழும் இளைஞர் பலர், கப்பற் சரக்கை விடுவிக்கும் கம்பனிகளிலும், கணக்காய்வுக் கந்தோர்களிலும், கடல் கடந்த வாடிக்கையாளருக்குச் சேவை செய்யும் நிலையங்களிலும் தொழில் செய்கின்றனர். ஒருவர் துறைமுக வாயிலிலே, இன்னொருவர் சுங்கத்திலே, மற்றொருவர் கட்டுநாயக்காவிலே, முகாமையாளர் கொள்ளுப்பிட்டியிலே, வாடிக்கையாளர் லண்டனிலே. லண்டனிலே மாலை ஐந்து மணியெனில், அவர்களுடைய கோடையில் இங்கே இரவு ஒன்பதரை, மாரியில் பத்தரை. நால்வர் படுத்துறங்கும் ஓரறை வீட்டிலே அந்த நேரத்திலே கைத்தொலைபேசி ஒலிக்கிறது. விழித்தெழுபவர் ஊழியர் ஒருவர் மட்டுமா? 1954 இன் சட்டத்திலே 45 மணித்தியாலம் என்று எழுதியவர்கள், கந்தோரே சட்டைப்பையிலே ஏறி வீட்டுக்கு வந்துவிடும் என்று எண்ணியிருக்க நியாயமில்லை. நாமோ கண்ணெதிரே கண்டுகொண்டிருக்கிறோம். இருந்தும் அந்த எண்ணைப் பார்த்து மனநிறைவு கொள்கிறோம்.

வட்ஸ்அப் குழுவை வேலைத்தலம் என்று சொல்வது மிகைப்படுத்தல் என்பார் சிலர். அவர்களுக்கு விடை கூற நான் மேனாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. நமது ஆசிரியர் வர்க்கத்தின் அண்மைக்கால வரலாறே போதும்.

2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்திலே ஜிந்துப்பிட்டியில் ஒருவருக்குத் தொற்று என்று கண்டதும், அயலவர் நூற்றுக்கு மேற்பட்டோர் தனிமைப்படுத்தும் நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அத்தகைய ஒழுங்கைகளிலிருந்து நமது மாணவர் வட்ஸ்அப்பினூடாகவும் ஸூமினூடாகவும் கற்க வேண்டுமெனப்பட்டது. கற்பித்தவர் எவருடைய தொலைபேசியிலே கற்பித்தார்? தமது தொலைபேசியிலே. எவருடைய பணத்தில் ரீலோட் செய்து? தமது சம்பளத்தில். மூன்று பிள்ளைகளுக்கும் தாய்க்கும் ஒரே தொலைபேசி இருந்த வீடுகளிலே, தாய் ஆசிரியையாகவும் இருந்தால், எந்தப் பாடம் முதலில் என்பதை யார் தீர்மானித்தார்? நாடு முழுவதும் இலட்சக்கணக்கான கைகளிலிருந்து உழைப்புக் கருவியை இலவசமாகப் பெற்றுக்கொண்டது கல்வி நிருவாகம். ஆலைத் தொழிலாளியை நோக்கி, “நாளை வரும்போது உன் தறியை நீயே கொண்டு வா, மின்சாரக் கட்டணத்தையும் நீயே செலுத்து” என்று ஒரு முதலாளி சொன்னால் நாம் வாளாவிருப்போமா?

பின்பு 2021 ஜூலை 12 வந்தது. 24 ஆண்டுகளாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறும், கொத்தலாவலைப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தைக் கைவிடுமாறும் கோரி, ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலினின்று விலகினர். அதற்குச் சில நாள் முன்னர், ஆர்ப்பாட்டத்திலே கைதான இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஏனையோரும், தனிமைப்படுத்தல் என்ற பெயரிலே முல்லைத்தீவு வரை கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டத்தை அரசாங்கம் வேலைநிறுத்தமாகவே கருதியது; பத்திரிகைகளும் வேலைநிறுத்தம் என்றே எழுதின. பூட்டிக் கிடந்த பாடசாலைகளின் வாயிலிலே மறியல் செய்யத் தேவை இருக்கவில்லை. திரையிலிருந்து விலகியதே வேலைநிறுத்தமாயிற்று. திரையிலிருந்து விலகுதல் வேலைநிறுத்தம் எனின், அந்தத் திரை வேலைத்தலம் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இவ்வுண்மையை அரசாங்கம் புரிந்துகொண்ட அளவுக்கு நாம் புரிந்துகொள்ளவில்லை. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன, குழுக்களோ மூடப்படவில்லை. நானறிந்த ஒரு பாடசாலையிலே, இரவு பத்தே முக்காலுக்குக் குழுவில் ஒரு படிவத்தின் நிழற்படம் விழுகிறது. காலை ஏழரைக்கு முன் நிரப்பித் தரப்பட வேண்டும் என்கிறது அதன்கீழ் ஒரு வரி. காலையில் தராத ஆசிரியையிடம், “நீலக்குறி விழுந்திருக்கிறதே, பார்த்துவிட்டுத்தானே இருந்தீர்கள்?” என்று அறுபது பேர் முன்னிலையிலே, அதாவது அறுபது திரைகளிலே, கேட்கப்படுகிறது. அவர் அச்செய்தியைத் திறந்தது, காய்ச்சலாய்க் கிடந்த பிள்ளைக்கு மருந்து கொடுத்த வேளையிலே. முன்னாளிலே ஆசிரியர் கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரல் இருந்தது, கூட்டக் குறிப்பு இருந்தது, கூட்டம் முடிந்தது என்று சொல்லும் ஒரு கணமும் இருந்தது. முடிவே இல்லாத கூட்டத்திலே இன்று நாம் அமர்ந்திருக்கிறோம்.

பிரான்சிலே வேலை நேரத்துக்குப் பின் தொடர்பினின்று விலகியிருக்கும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டமாயிருக்கிறது. போர்த்துக்கல் 2021 இலே, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பது முதலாளியின் கடமை என்று விதித்தது. அவுஸ்திரேலியாவிலே 2024 ஓகஸ்டிலிருந்து, நேரங்கடந்த செய்திக்கு நியாயமான காரணத்தோடு பதிலளிக்க மறுக்கலாம். அங்குள்ள முதலாளித்துவம் நல்லெண்ணம் கொண்டு இவற்றை வழங்கிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்குள்ள தொழிற்சங்கங்கள் கேட்டன. நாம் கேட்டோமா?

தூரத்திலிருப்பவனின் நிலை இன்னும் கொடிது. ஊவாவிலே, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போஹிட்டியாவ என்ற கிராமத்திலே, 2021 இலே மாணவரும் ஆசிரியையும் காட்டுவழியே நடந்து ஒரு பாறையுச்சிக்கு ஏறித்தான் பாடங்களைப் பெற்றனர், அனுப்பினர் என்பதை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. நாம் அதைப் பார்த்து நெகிழ்ந்தோம், பகிர்ந்தோம், மறந்தோம். மஸ்கெலியாவின் லயத்திலிருக்கும் ஆசிரியரோ, மன்னாரின் கரையோரக் கிராமத்திலிருக்கும் சங்கக் கிளைச் செயலாளரோ, கொழும்பிலுள்ளவரோடு ஒரே குழுவிலே சேர்க்கப்படும்போது என்ன நிகழ்கிறது? கொழும்பிலே நூறு செய்திகள் ஆறாய் ஓடி முடிந்து, முடிவும் எடுக்கப்பட்டாயிற்று. அங்கே சமிக்ஞை கிடைத்தபோது அவர் காண்பது ஓடி முடிந்த வெள்ளம். வாழ்த்து, இரங்கல், பகிடி, இவற்றுக்கிடையே எங்கோ ஒரு தீர்மானம். “குழுவிலே போட்டோமே, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே” என்று அவரது மௌனம் சம்மதமாக எழுதப்படுகிறது. இது சனநாயகமா? சமிக்ஞைக் கோபுரத்துக்கு அண்மையில் இருப்பவன் ஆட்சி.

கருவியின் அமைப்பே இங்கு அரசியலாகிறது. ஸூலிப் என்றொரு கருவி உண்டு. அதிலே ஒவ்வொரு விடயமும் தலைப்பிட்ட தனியிழையாக நிற்கும். மூன்று நாள் கழித்து வருபவரும் தமக்குரிய இழையை மட்டும் திறந்து, விவாதத்தை முதலிலிருந்து வாசித்துத் தம் கருத்தை அதன் உரிய இடத்திலே எழுதலாம். உடனே பதில் சொன்னவனுக்குப் பரிசு என்ற நியதி அங்கே இல்லை. தூரத்தில் இருப்போரைச் சேர்த்துத் தொழில் செய்யும் எந்தக் குழுவுக்கும், எத்தனை படங்களை ஒருசேர அனுப்பலாம் என்பதைவிட இது நூறு மடங்கு முக்கியமானது.

எழுத்தாதாரத்துக்கு வருவோம். சுற்றுநிருபம் என்பது இலக்கமும் திகதியும் ஒப்பமும் கொண்ட ஓர் ஆவணம். அதற்கு எதிராக முறையிடலாம், அதைக் காட்டி உரிமையும் கோரலாம். அது தமிழில் வராவிட்டால், தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு ஏற்றிருப்பதைச் சுட்டிக் கேட்கலாம். குழுவிலே விழும் கட்டளைக்கு இவற்றுள் எதுவுமில்லை. பெரும்பாலும் சிங்களத்திலுள்ள கடிதமொன்றின் மங்கலான நிழற்படம். அல்லது, ஓடும் வாகனத்திலிருந்து பேசி அனுப்பிய குரற்பதிவு. வேண்டாதபோது அனுப்பியவரே அதை அழித்துவிடலாம். குறித்த நாளுக்குப் பின் தானே மறையுமாறும் செய்யலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், பொது அதிகாரசபைகள் புதிய பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பேண வேண்டும் என்கிறது. பன்னிரண்டு ஆண்டு இருக்க வேண்டியதைப் பன்னிரண்டு மணித்தியாலத்திலே மறையச் செய்யும் கருவியின் மூலம் நிருவாகம் நடத்துவோரின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இதிலே ஒரு நகைச்சுவையும் உண்டு. 2022 செப்டெம்பரிலே பொது நிருவாக அமைச்சு விடுத்த சுற்றுநிருபம், அரச உத்தியோகத்தர் சமூக ஊடகங்களிலே கருத்து வெளியிடுதல் தாபன விதிக்கோவைக்கு முரணான ஒழுக்காற்றுக் குற்றமாகலாம் என எச்சரித்தது. அதே உத்தியோகத்தருக்கு அன்றாடக் கட்டளைகள் எங்கிருந்து வந்தன? ஒரு சமூக ஊடகக் கம்பனியின் குழுவிலிருந்து. பேச வாயில்லை, கேட்கக் காது மட்டும் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும்.

இனி, தொழுவத்தின் சொந்தக்காரனைப் பற்றிய கேள்வி. வட்ஸ்அப்பைப் பேஸ்புக் 2014 இலே ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்கிற்று. இலவசமாகப் பகிரப்படும் ஒன்றுக்கு இத்தனை விலை ஏன் என்று பொருளியல் கற்பிக்கும் நண்பர்கள் தம் மாணவருக்கு விளக்கலாம். செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் மறைகுறியாக்கப்பட்டுள்ளது. கம்பனி அதை வாசிக்க முடியாது என்பது உண்மையே. ஆயின் யார் எவரோடு எப்போது பேசுகிறார் என்பது அதற்குத் தெரியும். மேலும், குழுவிலே சேர்க்கப்பட்ட கணமே ஓர் இளம் ஆசிரியையின் தொலைபேசி இலக்கம் அறிமுகமில்லாத அத்தனை பேர் கைக்கும் போய்விடுகிறது. அதன் விளைவுகளைப் பெண் ஆசிரியரிடம் கேளுங்கள். நான் எழுத வேண்டியதில்லை.

வாயிற்கதவைச் சாத்தும் அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கிறது. 2018 மார்ச்சிலே, கண்டியிலே முஸ்லிம் மக்கள் மீது வன்முறை கட்டவிழ்க்கப்பட்டபோது, வட்ஸ்அப், பேஸ்புக், வைபர் யாவும் ஏறக்குறைய ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரில் 21 அன்று, ஜிந்துப்பிட்டியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கொச்சிக்கடைத் தேவாலயத்திலே குண்டு வெடித்த நாளில், தம்மவர் உயிரோடிருக்கின்றனரா என்று தேடிய மக்களின் கைகளிலே அவை மீண்டும் இயங்காது போயின. ஒன்பது நாள் தடை. 2022 ஏப்ரில் 3 அன்று, ஊரடங்கின் நடுவே, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி மீண்டும் ஒரு தடை. எதிர்ப்பின் காரணமாக ஒரு நாளுக்குள் நீங்கிற்று. முன்னைய தடைகள் வெறுப்புப் பரவலைத் தடுக்கவே என்று கூறப்பட்டது. இது எதைத் தடுக்க வந்தது என்பதைக் காலிமுகத்திடலுக்குப் போன மாணவர் அறிவர். தன் உறுப்பினரோடு பேசும் ஒரே வழியாக இந்தக் கருவியை வைத்திருக்கும் சங்கம், தன் நாவை எதிராளியின் கையிலே கொடுத்துவிட்டுப் போராடப் போகிறது.

அரசாங்கம் சாத்தாவிட்டால் கம்பனி சாத்தும். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஹிப்சட் என்ற தொழிற்குழுக் கருவியை ஸ்லாக் விலைக்கு வாங்கி 2019 இலே நிறுத்திற்று. 2021 இலே ஸ்லாக் தானும் சேல்ஸ்போர்சுக்கு விற்கப்பட்டது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்திலே 90 நாளுக்கு முந்திய உரையாடலை நீங்கள் காண முடியாது. நீங்கள் எழுதியது, உங்கள் கணக்கிலே இருப்பது. பணம் கட்டினால் காட்டுவார்கள்.

எனவே எதைத் தெரிவது? தொழிலுக்குரிய உரையாடலும் சங்கத்துக்குரிய உரையாடலும் இரண்டு வேறு அறைகள் என்பதை முதலில் ஏற்க வேண்டும். தொழிலுக்குரிய அறையிலே பதிவு நிலைக்க வேண்டும். அதன் செலவு முழுவதும் தொழில் தருபவனுடையது. அதற்குத் திறக்கும் நேரமும் பூட்டும் நேரமும் உண்டு. அது டீம்ஸ் ஆயினும் ஸூலிப் ஆயினும் சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கேளாத கருவியாக இருக்க வேண்டும். ஆனால், முதலாளி பணம் செலுத்தும் கருவியிலே, உரிய அதிகாரம் பெற்று உரையாடல்களை எடுத்து வாசிக்க அவனுக்கு வழியுண்டு என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. சம்பள உயர்வு கேட்பதைப் பற்றி அங்கே கலந்தாலோசிப்பவர், முதலாளியின் மேசையிலே அமர்ந்து துண்டுப்பிரசுரம் எழுதுபவரை ஒப்பர்.

சங்கத்துக்குரிய அறையோ சங்கத்துக்கே சொந்தமாயிருக்க வேண்டும். அவசரச் செய்திக்கும் இரகசியத்துக்கும் சிக்னல் தகும். இலாபநோக்கற்ற அறநிலையம் ஒன்று நடத்துவது. வட்ஸ்அப்பைத் தொடங்கியவருள் ஒருவரான பிரையன் அக்டன், பேஸ்புக்கை விட்டு வெளியேறி 2018 இலே 5 கோடி டொலர் கொடுத்து அதனை நிலைநிறுத்தினார் என்பது சிந்திக்கத்தக்கது. 2024 முதல் அதிலே தொலைபேசி இலக்கத்தை மறைத்துக்கொள்ளலாம். அதுவும் தடுக்கப்படக்கூடியதே. ஆகவே நிலையான விவாதத்துக்கு, ஸூலிப்பையோ மற்றிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையையோ சொந்தச் சேவையகத்தில் நிறுவ வேண்டும். மற்றிக்ஸ் விளையாட்டுப் பொருளன்று. பிரான்ஸ் அரசு தன் உத்தியோகத்தருக்கென 2019 இலே தொடங்கிய சாப் என்னும் உரையாடற் கருவி அதன்மீது கட்டப்பட்டதே. ஜெர்மனிய இராணுவமும் அதனையே பயன்படுத்துகிறது. அந்த அரசுகள் தம் பேச்சை அந்நியக் கம்பனியின் கிட்டங்கியிலே வைக்கச் சம்மதிக்கவில்லை. இராணுவத்துக்குள்ள இந்தச் சாதாரண எச்சரிக்கையுணர்வு ஆசிரியர் சங்கத்துக்கு ஆகாதா?

“நம்மால் இயலுமா? பராமரிப்பது யார்?” என்பர். நியாயமான கேள்வி. சேவையகத்தைப் பேண ஆள் வேண்டும், மாதவாடகை வேண்டும், பழைய தொலைபேசிகளிலே புதிய செயலி தடக்கும். ஆனால் சில ஆயிரம் உறுப்பினர் தரும் சந்தாவிலே மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுகிறோம். அதிலொரு சிறு பங்கு இதற்குப் போதும். கேரளத்திலே அரசுப் பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளிலே ஆண்டுக்கணக்காக இயங்குகின்றன. அங்கே அதைக் கற்றுக்கொண்டவர்கள் ஆசிரியர்களே. நமது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பை நடத்துவோரும் இந்நாட்டவரே. நம் மாணவருள் இதைச் செய்யக்கூடியவர் எத்தனை பேர் என்பதை நாம் கணக்கெடுத்ததே இல்லை. அவர்களை விளம்பரப் பதாகை வரையச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு கிளையும் இதை ஒரு கோரிக்கையாக எழுத வேண்டும். மாலை ஐந்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குழுவிலே வரும் எதுவும் கட்டளையாகாது. கருவிக்கும் தரவுக்கும் உரிய செலவு சம்பளத்தோடு தரப்படல் வேண்டும். குழுவிலே வந்ததொன்று ஒப்பமிட்ட கடிதமாக மும்மொழியிலும் வராதவரை எவரும் அதற்காகத் தண்டிக்கப்படலாகாது. எந்தக் கருவி என்பதை ஆசிரியர் குழாம் வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். மஸ்கெலியாவிலுள்ளவரும் மன்னாரிலுள்ளவரும் வாசித்துத் திருத்துவதற்குக் குறைந்தது பத்து நாள் கொடுங்கள். எழுதி முடித்த கோரிக்கையைத் தாளிலே அச்சிட்டு, அதிபரிடம் நேரிற் கையளித்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.